மறுபடி மேடம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இதை முதலிலேயே நானாகச் சொல்லிவிடுவது நல்லது. என் மனைவி சொல்லி நீங்கள் தெரிந்துகொண்டால் அவள் இரண்டு மடங்காக்கிச் சொல்வாள். தொழில், சின்ன விமானம் ஓட்டுவது. மலைப்பக்கத்து ஆஸ்பத்திரிகளில் சமாளிக்க முடியாத நோயாளிகளை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்க்கிறேன். வண்டிக்குள் ஒரு ஸ்ட்ரெச்சர், ஒரு நர்ஸ், நான். நாலாவது ஆள் ஏறினால் மூச்சு விட இடம் இருக்காது.

இப்படிப்பட்ட என்னை வருஷக்கணக்கில் வானத்தில் காக்கவைத்துக் கடுப்பேற்றிய ஒரு பெண்மணியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கு நான் சாப்பிடும் சாப்பாடும், ஊரைத் திட்டும் திட்டும் அவர் போட்ட பிச்சை.

விமான நிலையத்தில் உயரமான கண்ணாடிக் கோபுரம் ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் இருப்பவர்கள் ஓடுதளத்தைக் கண்ணால் பார்த்து வேலை செய்கிறவர்கள். இவர் அங்கே இல்லை. கோபுரத்துக்குக் கீழே, ஜன்னலே இல்லாத ஓர் அரையிருட்டு அறையில், ரேடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். தூரத்தில் வரும் விமானங்களை ஒன்றோடொன்று நெருங்கவிடாமல் பிரித்து, திருப்பி, இறக்கி, வரிசையாக ஓடுதளத்துக்கு நேரே கொண்டுவந்து விடுவது அவர் வேலை. அதன் பிறகுதான் கோபுரக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. அவர்கள் என்ன சொன்னாலும் நாங்கள் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். "வலது பக்கம் திரும்பி வடக்கே போங்க, நாலாயிரம் அடிக்கு இறங்குங்க" என்றால், வலது, வடக்கு, நாலாயிரம் என்று எல்லாம் என் வாயிலிருந்து வர வேண்டும். மற்றவர்கள் நாம் ஒன்றிரண்டை விழுங்கினாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். இவர் விடவே மாட்டார். "மறுபடி" என்பார். முழுசாகச் சொல்லும்வரை "மறுபடி". அதனால் நாங்கள் வைத்த பெயர் மறுபடி மேடம். (ரேடியோவில் நாங்கள் பேசுவது தொழிலுக்கென்றே உள்ள வெட்டுப் பேச்சு. அப்படியே எழுதினால் உங்களுக்குப் புரியாது, எனக்கும் அலுப்பு. அதனால் நம் பேச்சிலேயே சொல்கிறேன்.)

எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். நான் ஓடுதளத்தை நெருங்கும்போதெல்லாம் எங்கிருந்தோ ஒரு பெரிய விமானம் வந்து சேரும். உடனே, "இடது பக்கம் ஒரு முழுச் சுற்று சுத்திட்டு வாங்க" என்பார். பெரிய விமானம் போன வழியில் காற்று சுழன்றுகொண்டே கிடக்கும், என்னுடையது போன்ற சில்லறை வண்டி அதில் நுழைந்தால் குப்புறக் கவிழும் என்பது எனக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் கோபம் வராமல் இருக்குமா? ஒரு நாள் தரையிறங்கியதும் அவருக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

"எல்லாரும் முன்னால போகணும், நான் மட்டும் வானத்துல செக்கு சுத்தணுமா? என் வண்டின்னா அவ்வளவு இளக்காரமா?"

முழுவதையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார். "நாளைக்கும் வந்து நீங்க என்கூட சண்டை போடணும்ல கேப்டன், அதுக்குத்தான்."

போனை வைத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் வீட்டுக் கதையெல்லாம் பிறகு அங்கே போய்வந்து தெரிந்துகொண்டது. அவர் கணவர் தையல்காரர், வீட்டு முன்னறைதான் கடை. பேச்சு அளந்துதான் வரும். மனைவி கடைக்கு அனுப்பினால் அவரும் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் செருப்பைப் போடுவார். "பால் ரெண்டு பாக்கெட், ரொட்டி ஒண்ணு, முட்டை ஆறு. போயிட்டு வரேன்." மகள் பள்ளிக்கூடம் போகும்போது வாசலில் நின்று, "குடை எடுத்தாச்சு, நேரா வீட்டுக்கு வரணும், எங்கேயும் நிக்கக் கூடாது" என்று ஒப்பித்தால்தான் கதவு திறக்கும். அந்தம்மாவுக்கு உயரம் என்றால் ஆகாது. மொட்டை மாடிக்குப் போய்த் துணி காயப்போடுவதுகூடக் கணவர்தான். விமானத்தில் ஒரே ஒரு முறை ஏறி, போன வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாராம். இந்த வேலைக்கு வருவதற்கு முன் பஸ் நிலையத்தில் மைக்கில் பஸ் புறப்படுவதை அறிவித்துக்கொண்டிருந்தவர். "அப்பவும் வண்டிங்களைத்தான் அனுப்பிட்டிருந்தேன், இப்பவும் அதேதான். அங்க கூட்டம் ஜாஸ்தி" என்பார்.

மாமியார்தான் அந்த வீட்டின் ஒலிபெருக்கி. நான் முதல் முறை போனபோது என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "ஊர்ல எல்லா மருமகளும் வீட்டுல டி.வி. பாப்பாளுங்க தம்பி. எங்க வீட்டு மருமக சம்பளம் வாங்கிட்டுப் பாக்குறா."

மருமகள் அடுப்படியிலிருந்தே சிரித்தார்.

ஒரு தரம் இந்த மாமியார், "அப்படி என்னதான்டி அந்த டி.வி.யில தெரியும்?" என்று கேட்டிருக்கிறார். மருமகள் சாப்பாட்டு மேஜையில் இரண்டு கிளாசை எடுத்துவைத்து விளக்கினாராம். ஒவ்வொரு விமானத்திலும் ஒரு கருவி உண்டு. ரேடார் கேட்கும்போது அது 'நான் இன்னார், இவ்வளவு உயரத்தில் இருக்கிறேன்' என்று பதில் சொல்லும். அதனால் திரையில் புள்ளிக்குப் பக்கத்தில் பெயரும் உயரமும் ஒரு சீட்டுப் போல ஒட்டிக்கொண்டே போகும். இரண்டு விமானம் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போனால் நடுவில் ஆயிரம் அடி இருக்க வேண்டும். ஒரே உயரம் என்றால் பக்கவாட்டில் ஐந்து மைல்.

"அஞ்சு மைலா! நானும் நீயும் ஒரே அடுப்படியில நிக்கிறோம்" என்றாராம் மாமியார்.

"அதனாலதான் அத்தே அப்பப்ப முட்டிக்குது."

இதை மாமியாரே சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

இப்போது குப்பை விஷயத்துக்கு வர வேண்டும், ஏனென்றால் என் உயிர் அதில்தான் கிடந்தது. ரேடாருக்கு இன்னொரு கண் உண்டு. கருவி பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், ரேடார் அலை எதன் மேல் மோதித் திரும்பினாலும் அதை ஒரு புள்ளியாகக் காட்டும். பறவைக் கூட்டம், மழை, மலைப்பாதையில் போகும் லாரி எல்லாம் புள்ளிதான். பெயரும் கிடையாது, உயரமும் கிடையாது. அந்த அறையில் இதற்குப் பெயரே குப்பை. ஒரு பொத்தானை அழுத்தினால் குப்பை மறைந்து, சீட்டு ஒட்டிய விமானங்கள் மட்டும் பளிச்சென்று தெரியும். தேவைப்படும்போது போட்டுக்கொள்ளலாம் என்று பெரும்பாலோர் மறைத்துவிடுவார்கள். மறுபடி மேடம் மறைத்ததே இல்லை. பணி மாறி உட்கார்ந்ததும் முதல் காரியமாகக் குப்பையைப் போட்டுவிடுவார்.

அவருடைய மேற்பார்வையாளர் நல்ல மனுஷன், ஆனால் வாய் சும்மா இருக்காது. "ஏம்மா, கண்ணு வலிக்கலையா? அணைச்சுத் தொலையேன்."

"இருக்கட்டும் சார். சீட்டு ஒட்டாத ஆளும் மேல இருக்கலாம்ல."

"யாரு, காக்காயா?"

"காக்காயா இருந்தா சந்தோஷம்."

இதைக் கேட்டு மாமியாருக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! "வீட்டுல ஒரு தூசி இருந்தா என்னை ஆட்டிவைப்பா. அங்க குப்பையை வெச்சு அழகு பாக்குறாளாம்!"

அன்றைக்கு மதியம். மலைப்பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூட பஸ் டிரைவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் சீழ் பரவிவிட்டது. சாயங்காலத்துக்குள் கத்தி வைக்காவிட்டால் கஷ்டம் என்று டாக்டர் என்னிடமே சொன்னார். வலிக்கு ஊசி போட்டிருந்ததால் மனிதர் அரை மயக்கத்தில் இருந்தார். கூட வந்த நர்ஸ் என்னைவிடச் சிடுசிடுப்பு. "ஆட்டாம ஓட்டுங்க" என்பதுதான் எனக்குச் சொன்ன வணக்கம்.

கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் கீழே மேகம் மூடிக்கொண்டது. அது பரவாயில்லை, கருவிகளைப் பார்த்து ஓட்டுவது எங்களுக்குப் பழக்கம். மேடத்திடம் பேசினேன், திசை சொன்னார், திருப்பிச் சொன்னேன். பிறகு ஒரு கருமேகம் நேர் எதிரே எழுந்தது. ஒதுங்கிப் போக அனுமதி கேட்கலாம் என்று பார்த்தபோதுதான், மின்சாரம் பற்றாக்குறை என்று சொல்லும் சிவப்பு விளக்கு எரிவதைக் கவனித்தேன். எப்போதிலிருந்து எரிந்ததோ! பேசுவதற்குப் பொத்தானை அழுத்தினேன். அழுத்திய மாத்திரத்தில் விளக்கெல்லாம் மங்கி, என் குரல் என் காதுக்கே வராமல் செத்துப்போனது. பேட்டரி காலி. ரேடியோவில் கேட்பதற்குக் கொஞ்சம் மின்சாரம் போதும், பேசுவதற்கு நிறைய வேண்டும். கேட்க முடிகிறது, பேச முடியவில்லை. ரேடாருக்குப் பதில் சொல்லும் கருவியும் அணைந்துவிட்டது. இன்ஜினுக்கு ஒன்றுமில்லை, திசையும் உயரமும் காட்டும் கருவிகள் மின்சாரம் இல்லாமலே ஓடுபவை. வண்டி பறக்கும். ஆனால் எங்கே பறப்பது? கீழே வெள்ளை. அந்த வெள்ளைக்குள் எங்கேயோ மலை, எங்கேயோ மற்ற விமானங்கள்.

பின்னாலிருந்து பஸ் டிரைவர் கண்ணைத் திறக்காமலே முனகினார். "என்னங்க, சத்தம் மாறுது... ஃபேன் பெல்ட்டா?"

மனிதருக்கு வயிறு வெடித்துக் கிடக்கிறது, வண்டி ஞாபகம் மட்டும் போகவில்லை. கடைசியில் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. மின்சாரம் தயாரிக்கும் கருவியின் பெல்ட்தான் அறுந்திருந்தது.

கருமேகத்துக்குள் நுழையாமல் வடக்கே ஒதுங்கினேன். மேடம் கூப்பிட்டார். ஒரு முறை, இன்னொரு முறை. நான் பதில் சொல்லவில்லை. "மறுபடி" என்று அவர் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்தப் பக்கம் நடந்ததை மேற்பார்வையாளர் பிறகு சொன்னார். என் சீட்டு திரையிலிருந்து விழுந்ததும் மேடம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். நான் இருக்க வேண்டிய இடத்தில் மழைப் புள்ளிகள் மொய்த்துக்கொண்டிருந்தன. ஆனால் சீட்டு விழுந்த கணத்திலிருந்து அவர் கண் குப்பையை விட்டு நகரவில்லை. மழையோடு போகாமல் தனியாக நகர்ந்த புள்ளிகள் மூன்று. அதில் எது நான்? எதுவுமே நான் இல்லையா? யாருக்குத் தெரியும்.

என் காதில் அவர் குரல் வந்தது. பஸ் நிலையத்து மைக்கில் அறிவிப்பதுபோல, அவசரமே இல்லாமல்.

"உங்க பதில் எனக்கு வரல. நான் பேசுறது கேக்குதுன்னா, இடது பக்கம் திரும்பி நேர் மேற்கே போங்க."

திரும்பினேன். என் வாழ்க்கையில் எந்தக் கேள்விக்கும் அவ்வளவு ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. இரண்டு புள்ளிகள் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்க, மூன்றாவது புள்ளி மெல்ல இடது பக்கம் வளைந்ததாம். அப்போதும் அவர் அதை நம்பிவிடவில்லை. பெயர்தான் மறுபடி மேடம் ஆயிற்றே!

"இப்போ வலது பக்கம். வடக்கே."

வலது பக்கம் திரும்பினேன். பிறகு:

"பாத்துட்டேன். உங்களைப் பாத்துட்டேன்."

நர்ஸும் ஹெட்ஃபோன் மாட்டியிருந்தார். "இந்தம்மா நம்மகிட்டயா பேசுறாங்க?" என்றார். நான் தலையை ஆட்டினேன். அந்தச் சிடுசிடுப்புக்காரி பெரிதாக மூச்சு விட்டுவிட்டு, டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்தது மற்ற விமானங்கள். என் உயரம் எவ்வளவு என்று மேடத்துக்குத் தெரியாது. அதனால் மேலே ஆயிரம் அடி, கீழே ஆயிரம் அடி என்று யாரையும் அடுக்கிவைக்க முடியாது. எந்த உயரத்தில் இருந்தாலும் சரி, ஒருவர் விடாமல் பக்கவாட்டில் ஐந்து மைலுக்கு அப்பால் ஒதுக்க வேண்டும். எல்லாம் என் காதிலேயே விழுந்தது. நீங்க தெற்கே போங்க, நீங்க அங்கேயே சுத்துங்க, நீங்க இறங்க வேண்டாம், மேலே ஏறுங்க. ஒவ்வொருவரும் திருப்பிச் சொன்னார்கள். ஒரு பெரிய விமானத்துக் கேப்டன் மட்டும் எகிறினார்.

"மேடம், எங்களுக்கு அடுத்ததா இறங்க அனுமதி கொடுத்தாச்சு. இப்போ எதுக்குச் சுத்தணும்?"

என் குரலையே கேட்பதுபோல இருந்தது.

"பேச முடியாத ஒருத்தர் மேகத்துக்குள்ள வர்றார், கேப்டன். நீங்க பேச முடிஞ்சவர். கொஞ்சம் பொறுத்துக்கங்க."

பிறகு அந்தக் கேப்டன், "சுத்துறோம் மேடம். எவ்வளவு நேரம் ஆனாலும் சுத்துறோம்" என்றார். பின்னாலேயே இன்னொருவர், "நாங்களும் காத்திருக்கோம்." அவருக்குப் பின் இன்னொருவர். அந்த முகங்களை நான் பார்த்ததே இல்லை. இன்றைக்கும் வானத்தில் யாருக்காவது வழிவிடச் சொன்னால், முணுமுணுக்காமல் விடுகிறேன். சரி, முணுமுணுக்கிறேன், ஆனால் பொத்தானை அழுத்தாமல்.

பிறகு என்னை இறக்கும் வேலை. "இனிமே நான் சொல்றதைச் செஞ்சா போதும். பதில் சொல்ல முயற்சி பண்ண வேண்டாம்" என்றார். இதைச் சொன்னது மறுபடி மேடம்! ஓடுதளம் எவ்வளவு தூரம், இந்தத் தூரத்தில் நான் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும், கொஞ்சம் இடது, போதும், இப்படியே. மேகம் ஜன்னலை ஒட்டிக்கொண்டு ஓடியது. குரல் மெலிந்துகொண்டே வந்தது. ஹெட்ஃபோனைக் கையால் காதோடு அழுத்திக்கொண்டேன்.

அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். "உங்க பேட்டரி தாங்காதுன்னு நினைக்கிறேன். என் குரல் நின்னுபோனா பதறாதீங்க. இதே திசை, இதே மாதிரி இறக்கம். ஐநூறு அடியில ஓடுதளம் தெரியலைன்னா நேரா மேலே ஏறுங்க, நான் திரும்பக் கண்டுபிடிச்சுக்கிறேன்."

திரும்பக் கண்டுபிடிக்கிறாராம். தொலைந்துபோன சாவியைச் சொல்வதுபோலச் சொன்னார். நான் திசை முள்ளில் கண்ணை ஊன்றினேன்.

அதன் பிறகு அவர் ஏதோ பேச ஆரம்பித்தார். இரண்டு எழுத்துகூட வரவில்லை, ரேடியோ செத்துவிட்டது. இன்ஜின் இரைச்சல் மட்டும்தான். அதே திசை. அதே இறக்கம். எழுநூறு அடி. வெள்ளை. அறுநூறு. வெள்ளை. அடப் பாவி மேகமே, கொஞ்சம் விலகேன் என்று வாய்விட்டே திட்டினேன். ஐநூறை முள் தொடப்போகும்போது கீழே சாம்பல் நிறம் தெரிந்தது, அப்புறம் ஈரத் தார், அப்புறம் இரண்டு வரிசை விளக்குகள், என் மூக்குக்கு நேராக. ஒரு முழம் இடமும் இல்லை, வலமும் இல்லை. சக்கரம் தரையைத் தொட்டது. "ஆட்டாம ஓட்டினீங்க" என்றார் நர்ஸ். ஆம்புலன்ஸ் ஓடுதள ஓரத்திலேயே நின்றிருந்தது. அதையும் அவர்தான் சொல்லிவைத்திருக்கிறார்.

டிரைவரை ஏற்றி அனுப்பிவிட்டு, கால் போன போக்கில் அந்த ரேடார் அறைக்குப் போனேன். ஓடுதளத்தை நெருங்கி ரொம்பத் தாழ்ந்துவிட்டால் புள்ளி திரையிலிருந்து மறைந்துவிடும் என்று மேற்பார்வையாளர் வாசலில் வைத்துச் சொன்னார். பத்திரமாக இறங்கினாலும் மறையும், விழுந்தாலும் மறையும். கோபுரத்திலிருந்து "இறங்கிட்டாரு" என்று போன் வரும்வரை மேடம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். போன் வந்ததும், காத்திருந்த விமானங்களைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் ஒவ்வொன்றாகச் சொல்லி ஒப்படைத்துவிட்டு, முகம் கழுவப் போயிருந்தார்.

நடையில் எதிரே வந்தார். குள்ளமான உருவம், ஈர முகம், கையில் கைக்குட்டை. இத்தனை வருஷம் சண்டை போட்ட ஆளை அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்க்கிறேன். கும்பிடப் போனேன், பாதியிலேயே கையை இறக்கிவிட்டேன். நன்றி என்று சொன்னால் அது எந்த மூலைக்குக் காணும்? பிறகு எனக்குத் தெரிந்த ஒரே மரியாதையைச் செய்தேன்.

"மேடம், நீங்க சொன்னது எதுக்கும் நான் பதில் சொல்லல. இப்போ சொல்றேன். இடது பக்கம், நேர் மேற்கே. வலது பக்கம், வடக்கே. இனிமே பதில் சொல்ல வேண்டாம். கொஞ்சம் இடது. இதே திசை, இதே இறக்கம். ஐநூறு அடியில தெரியலைன்னா மேலே ஏறணும், நீங்க திரும்பக் கண்டுபிடிச்சுக்குவீங்க."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் விடுவாரா?

"ஒண்ணு விட்டுட்டீங்க."

"கடைசியா ஏதோ சொன்னீங்க. அது எனக்கு வரல. ரேடியோ போயிடுச்சு." அப்புறம் எனக்கே தெரியாமல் அந்த வார்த்தை வந்துவிட்டது. "மறுபடி, மேடம்."

மேற்பார்வையாளர் சிரித்துவிட்டார். மேடம் சிரிக்கவில்லை. கைக்குட்டையை மடித்தார், விரித்தார். விதிப்புத்தகத்தில் இல்லாத பேச்சு போலிருக்கிறது, கூச்சப்பட்டார். பிறகு ரேடியோவில் சொல்வதுபோலவே நிதானமாகச் சொன்னார்.

"முன்னால யாரும் இல்ல. பின்னால யாரும் இல்ல. இன்னைக்கு வானம் பூரா உங்களுக்குத்தான். மெதுவா வாங்க."

வருஷக்கணக்காக என்னைக் காக்கவைத்தவர், அன்றைக்கு எனக்காக எல்லாரையும் காக்கவைத்திருக்கிறார். நான் அழுதேன், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையையும் விழுங்காமல் திருப்பிச் சொன்னேன்.

"முன்னால யாரும் இல்ல. பின்னால யாரும் இல்ல. வானம் பூரா எனக்குத்தான். மெதுவா வர்றேன்."

"சரி" என்றார் மறுபடி மேடம்.